மருதம்மாளுக்கு எழுதிக்கொடுத்த சாயங்காலம்

தான் ஒரு எழுத்தாளர் என்பதில் சித்ராதேவிக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்குத்தான். அவர்களுக்கும் ஒரு நாள் விளங்கும், அதுவரை பொறுத்துப் போவோம் என்று பெரிய மனது பண்ணி, பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு, படிப்பு பி.ஏ. தமிழ், ஊர் பொங்கலூர். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாதிக் கதையை யோசித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் கண்டக்டரை அந்தக் கதைக்கு வில்லனாக்கிவிடுவாள்.

2006 மாசியில் அவள் ஆசை ஆசையாக எழுதி அனுப்பிய கதையொன்று சென்னையிலிருந்து திரும்பி வந்தது. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் தன் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்துகிற கதை. முதல் பக்கத்தில் முதலாளி என்ன நினைத்தார் என்று எழுதியிருந்தாள். அதே பக்கத்தில் தொழிலாளி என்ன நினைத்தான், வீட்டில் அவன் பெண்டாட்டி என்ன நினைத்தாள், வாசலில் வாட்ச்மேன் என்ன நினைத்தான் என்பதெல்லாம் வந்துவிட்டது. கடைசியில் கேட்டில் கட்டியிருந்த நாயையும் அவள் விட்டுவைக்கவில்லை, அதுவும் ரெண்டு வரி நினைத்தது. திரும்பி வந்த தாளின் ஓரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “எல்லார் மண்டைக்குள்ளும் புகுந்து புறப்படுகிறீர்கள். ஆனால் எல்லார் மண்டையிலும் நீங்களேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாராவது ஒருவர் கண்ணில் நின்று எழுதிப் பாருங்கள்.”

“ஒருத்தர் கண்ணுல போய் நிக்கறதுக்கு நானென்ன தூசியா?” என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சொன்னாள் சித்ராதேவி. பக்கத்து சீட்டுக்காரம்மா தன்னைச் சொல்கிறாளோ என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. கணக்குப் பார்க்கிற ஆடிட் அல்ல. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், இங்கே ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவர ஒருவரை அனுப்புவார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், கம்பெனி கல்யாண வீடாகிவிடும். கக்கூஸில் சோப்பு வரும். சிவப்பு வாளிகளில் புது மணல் வரும். சாமான் அடைத்துவைத்திருந்த அவசர வழிக் கதவு ஒரே நாளில் திறந்து வழிவிடும். எல்லாம் முடிந்த பிறகு ஆட்களுக்குப் பாடம் நடக்கும். எத்தனை மணி வரை வேலை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், லீவு தருகிறார்களா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கேண்டீனில் உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள்.

பாடம் ஏன் தேவை என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தரைக்கு ஷிப்ட் முடிகிறது என்று போர்டில் எழுதியிருக்கும். ஆனால் ஐந்தரைக்கு எழுந்துபோக முயன்றவரை சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் அவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் வழக்கம், வீட்டுக்குப் போக இரவு ஒன்பதாகும். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் அதற்கும் கணக்குக் கிடையாது.

பர்சனல் மேனேஜர் அர்த்தநாரி நல்ல மனிதர்தான். ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது மட்டும் அவருக்குள் வேறொருவர் வந்து குடியேறிவிடுவார். அவர் சித்ராதேவியைக் கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, நீதான் கதையெல்லாம் எழுதறயே. ஆளுக சொல்ற பதிலையும் நீயே எழுதிக் குடுத்துரு. போன தடவை சூப்பர்வைசர் எழுதுனது, ஒண்ணும் வாயில நொழையல.”

கரும்பு தின்னக் கூலியா என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். தான் எழுதியதை நானூறு பேர் படித்து மனப்பாடம் செய்யப்போகிறார்கள் என்றால் எந்த எழுத்தாளருக்குத்தான் தலை கிறுகிறுக்காது? அன்று மத்தியானமே எழுதி முடித்தாள். “நாங்கள் காலை எட்டரை மணிக்குப் பணியைத் தொடங்கி, மாலை ஐந்தரை மணிக்கு மனநிறைவோடு இல்லம் திரும்புகிறோம்” என்று தொடங்கி, படிக்கப் படிக்க இனித்தது. இனித்தது யாருக்கு என்பதை நாம் கேட்க வேண்டாம்.

ஆடிட்டுக்கு வந்தவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி. வாளியையும் மணலையும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே தையல் லைனுக்குள் நடந்து, தானே கைகாட்டி ஆறு பேரை அழைத்துக்கொண்டு, சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டார். கம்பெனி ஆட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது இந்த ஆடிட்டின் சட்டம். போன சுருக்கில் வெளியே வந்துவிட்டார். பிறகு மேனேஜர் அறையில் உட்கார்ந்து சிரித்தார். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்த சித்ராதேவிக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“சார், ஆறு பேரும் ஆறு ஊர்க்காரங்க. அயர்ன் பண்றவருக்கும் மனநிறைவு. பீகார்லேர்ந்து போன மாசம் வந்த டெய்லருக்கும் மனநிறைவு. அவருக்குத் தண்ணி கேக்கவே தமிழ்ல தெரியல, மனநிறைவு மட்டும் தெரியுது. ஆறு பேர் வாயிலயும் ஒரே ஆள்தான் பேசறாங்க. நான் அடுத்த மாசம் வரேன். இதே ஆறு பேரைத்தான் பார்ப்பேன். இப்போதைக்கு ஆர்டர் நிக்கட்டும்.”

சித்ராதேவிக்குக் காது சூடாகிவிட்டது. சென்னையில் இருக்கிற சிவப்பு மைக்காரருக்கும் பெங்களூரில் இருக்கிற இந்தம்மாவுக்கும் முன்னே பின்னே அறிமுகம் இருக்க நியாயமில்லை. ஆனால் ரெண்டு பேரும் அவளைப் பற்றி ஒன்றையே சொல்லிவைத்தாற்போலச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆள் சொன்னபோது கோபம் வந்தது. ரெண்டாவது ஆளும் சொன்னபோது உறைத்தது.

அர்த்தநாரி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். “அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா ஆர்டர் பங்களாதேசுக்குப் போயிரும். அப்புறம் நீயும் நானும் நானூறு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ உடு கண்ணு. நான் வேற யாராச்சும்...”

“வேற யாரும் வேண்டாமுங்க சார்” என்றாள் சித்ராதேவி. “நானே எழுதறனுங்க. இந்த வாட்டி ஆறு பேருக்கும் ஆறு விதமா இருக்கும். அந்தம்மா வாயைத் தெறக்க மாட்டாங்க பாருங்க.”

தோற்றுப்போனவள் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் அப்படித்தான். விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு, குதித்துத்தான் வந்தேன் என்பாள்.

முதலில் அயர்ன் டேபிள் மூக்கையாவை எடுத்துக்கொண்டாள். அவருக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம், ஐம்பது வயது. ‘நாங்கள்’ என்று இருந்ததையெல்லாம் ‘நான்’ என்று மாற்றினாள். தெற்கத்தி வார்த்தைகளாகப் பொறுக்கி அங்கங்கே தூவினாள். படித்துப் பார்த்தாள். மூக்கையாவின் சட்டையை மாட்டிக்கொண்டு சித்ராதேவிதான் நின்றிருந்தாள். கிழித்துப் போட்டாள்.

மறுநாள் தாளை மேசையிலேயே வைத்துவிட்டு அயர்ன் செக்ஷனுக்குப் போனாள். மூக்கையா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஆவி முகத்தில் அடிக்க, அவரைப் போலவே குனிந்து நின்று பார்த்தாள். நின்ற பிறகுதான் ஒன்று தெரிந்தது. அங்கிருந்து சுவர்க் கடிகாரம் தெரியவில்லை. துணி அடுக்கிய ரேக் மறைத்துக்கொண்டிருந்தது. மூக்கையாவுக்கு ஐந்தரை மணி என்று ஒன்று கிடையாது. சாயங்கால டீ கேன் வரும், காலியாகித் திரும்பிப் போகும், அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து மணி அடிக்கும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிகிற ஐந்தரை. அவள் தாளில் ஐந்தரை மணியை அடித்துவிட்டு டீ கேனை எழுதினாள். எழுதியதும் தாளிலிருந்து மூக்கையா மெல்ல எழுந்து நின்றார்.

அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பேச்சு வழக்கைத் தூவினால் ஆள் வந்துவிடமாட்டான், அவன் நிற்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அங்கிருந்து என்ன தெரிகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் அங்கிருந்து என்ன தெரியாது என்பது. முதலாளியின் மனதில் ஓடுவது தொழிலாளிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் அவன் முதலாளி முன்னால் கை கட்டி நிற்கிறான். அதைக் கெடுத்துவிட்டுத்தான் ஒரே பக்கத்தில் நாய் வரைக்கும் போயிருந்தாள். சிவப்பு மைக்காரர் எதிரே வந்திருந்தால் அன்று அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாள்.

இத்தனை வித்தையும் ஒரு பொய்யைச் சோடிப்பதற்குத்தானே என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் தோன்றாமல் இல்லை. நானூறு குடும்பத்துச் சோறு என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள், அந்த எண்ணம் அடங்கிவிட்டது. வித்தை கைகூடி வருகிற நேரத்தில் யாருக்கு நியாயம் யோசிக்கப் பொறுமை இருக்கிறது?

பீகார் டெய்லருக்கு நிறையத் தமிழ் வேண்டாம் என்று முடிவு செய்தாள். “பெல் அடிச்சா சுட்டி” என்று, வேலை விட்டதற்கு அவனுடைய இந்தி வார்த்தையைப் போட்டுச் சொன்னாலே அவனுக்குப் போதும், மிச்சத்தைக் கையால் காட்டிக்கொள்வான். இன்னும் மூன்று பேரையும் அப்படியே அவரவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று எழுதி முடித்தாள். கடைசியாகச் செக்கிங் டேபிள் மருதம்மாளிடம் வந்தாள்.

மருதம்மாளுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். புருசன் எங்கேயோ போய்விட்டான், எங்கே என்று தேடுவதையும் அவள் விட்டுவிட்டாள். லைன் வீட்டில் ஒரு அறை. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற முத்துப்பேச்சி என்று ஒரே மகள். தைத்து வருகிற பனியனை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. பேசிக்கொண்டே இருந்தாலும் கை நிற்காது.

“அக்கா, அஞ்சரைக்கு ஊட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் சித்ராதேவி.

மருதம்மாள் சிரித்தாள். “நல்லா கேட்டீக தாயி. போனாத்தான தெரியும்?”

சித்ராதேவியும் சேர்ந்து சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டாள். சரி, இவளால் சொல்ல முடியவில்லை, நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லைன் வீட்டு வாசலையே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று உட்கார்ந்து எழுதியதுதான் ஆறிலும் அவளுக்குப் பிடித்தது. சாயங்கால வெயில் படியில் விழுந்திருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டு மகள் ஓடி வருகிறாள். மருதம்மாள் அவளைப் படியில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, ரெட்டைச் சடை போடுகிறாள். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே தலையை ஆட்டுகிறது, வகிடு கோணிக்கொள்கிறது. விளக்கு வைத்துவிட்டுத் தக்காளி வதக்கச் சட்டியை ஏற்றுகிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை மருதம்மாளுக்கு வாசித்துக் காட்டினாள். மருதம்மாள் சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும், “இன்னொரு தடவ வாசிங்க தாயி” என்றாள். மறுபடியும் வாசித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எழுத்தாளர் சித்ராதேவிக்கு அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை.

ஆனால் மருதம்மாளுக்கு மனப்பாடம் வரவில்லை. படியில் தொடங்கினால் தக்காளிக்குத் தாவிவிடுவாள், சடை விட்டுப்போகும். அப்போது சித்ராதேவி, தான் அந்த மாதம் முழுக்கக் கற்றதை அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“மனப்பாடமே பண்ண வேண்டாமுங்கக்கா. அந்தம்மா கேட்டாங்கன்னா கண்ணை மூடிக்கங்க. உங்க ஊட்டு வாசப்படியில போய் நில்லுங்க. அங்க உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொன்னாப் போதும்.”

“அவ்வளவுதானா?” என்றாள் மருதம்மாள். “அது சொல்லிரலாம்.”

அடுத்த மாதம் சொன்னபடி பெங்களூர் அம்மா வந்தார். அதே ஆறு பேரை அழைத்தார். சாம்பிள் ரூம் கதவைச் சாத்தினார். நாமும் வெளியேதான் நிற்க வேண்டும். சித்ராதேவியின் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நாம், அவளுக்கில்லாத அனுமதி நமக்கு மட்டும் ஏது? ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூக்கையா போன வேகத்தில் சிரித்த முகத்தோடு வந்தார். பீகார் டெய்லர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். கடைசியாக உள்ளே போன மருதம்மாள் மட்டும் வர நேரமாயிற்று. நன்றாகச் சொல்கிறாள் போலிருக்கிறது, அந்தம்மா ரசித்துக் கேட்கிறார் என்று சித்ராதேவி நினைத்துக்கொண்டாள்.

மருதம்மாள் வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. சித்ராதேவி அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள்.

“சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன் தாயி. வெயிலு, படி, சட எல்லாம் சொன்னேன். அந்தம்மா நல்லாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாக. பெறகு, நேத்துச் சடை போடயில பிள்ள என்ன சொல்லுச்சுன்னு கேட்டாக. அது நீங்க எழுதலயே. நீங்க சொன்ன மாதிரியே கண்ண மூடுனேன். வாசப்படியில நின்னேன்.”

“நின்னு?”

“ஒண்ணுமே தெரியல தாயி. இருட்டாத்தான் இருந்துச்சு. என்ன தெரியுதோ அதச் சொல்லுன்னு சொன்னீகள்ல, சொல்லிப்புட்டேன். வெளக்கு வைக்கிற நேரத்துல எம்பிள்ள மொகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா, நான் வந்து பாக்குறது அதோட தூங்குற மொகந்தான், அப்பிடின்னு.”

இதைக் கேட்டதும் சித்ராதேவிக்கு வந்திருக்க வேண்டியது பயம். அதற்கு முன்னால் வந்தது பொறாமை. ஒரு மாதமாக மனதுக்குள் அந்த வாசலில் நின்று வெயிலைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், தக்காளியைப் பார்த்தாள். இது ஒன்று அவள் கண்ணில் படவே இல்லை. படாததற்குக் காரணமும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் மருதம்மாளுடையதே அல்ல. பொங்கலூரில் தன் அம்மா தனக்கு ரெட்டைச் சடை போட்ட சாயங்காலம். மூக்கையா கண்ணில் நிற்கக் கற்றுக்கொண்டவள், மருதம்மாளின் மண்டைக்குள் மறுபடியும் தானே போய் உட்கார்ந்திருந்தாள். போனாத்தான தெரியும் என்று அவள் சொன்னபோது கூடச் சேர்ந்து சிரித்துவேறு தொலைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“எனக்கு வேல போயிருமா தாயி?” என்று மருதம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “பிள்ள இப்பத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்கு. ஊருல போயி உக்கார எடமில்ல. இத விட்டா எனக்கு வேற போக்கில்ல.”

“போகாதுங்கக்கா” என்றாள் சித்ராதேவி. எப்படிப் போகாது என்பது அவளுக்கே தெரியவில்லை.

மேனேஜர் அறையில் பெங்களூர் அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. ஆர்டரை நிறுத்தப்போவதில்லை என்றார். அர்த்தநாரிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஐந்தரைக்கு மேல் இஷ்டமில்லாத யாரையும் உட்காரவைக்கக் கூடாது, நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம், ஒரு நாள் மீறினாலும் அத்தோடு ஆர்டர் முடிந்தது என்றார். ஏன் என்று அர்த்தநாரி இழுத்தார். யார் சொன்னது என்று சொல்ல மாட்டேன், என்ன சொன்னார்கள் என்று மட்டும் சொல்கிறேன் என்று, அந்த வரியை எழுத்துத் தப்பாமல் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

கார் கேட்டைத் தாண்டியதும் அர்த்தநாரி சித்ராதேவியைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அந்த அருப்புக்கோட்டைக்காரி தான? ஆறு பேர்ல பள்ளிக்கூடம் போற புள்ளை வெச்சிருக்கறவ அவ ஒருத்திதான். ஆர்டர் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? நாளைக்கு அவளைக் கேட்டுக்குள்ள உட வேண்டாம்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிரு.”

சித்ராதேவி மனதுக்குள் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து மருதம்மாள் எப்படித் தெரிவாள்? சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடத் தெரியாத, வாயடங்காத ஒரு செக்கிங் பொம்பளை. சித்ராதேவி எப்படித் தெரிவாள்? எழுத்துப் பைத்தியம் பிடித்தவள், எதிலாவது தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறவள். அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ, அதையே எடுத்து அவருக்குச் சொல்வது என்று முடிவு செய்தாள்.

“அது அவங்க சொன்னதில்லீங்க சார். நான் எழுதிக் குடுத்தது.”

“என்னது?”

“ஆறு பேரும் அஞ்சரைக்குப் போறம், சந்தோசமா இருக்கறம்னு சொன்னா மறுபடியும் பொய்யின்னு அந்தம்மா கண்டுபிடிச்சிருவாங்கன்னு நெனைச்சனுங்க. ஒருத்தராச்சும் ஒரு குறை சொன்னாத்தான் மத்தவங்க சொல்றதை நம்புவாங்க. அதுக்குத்தான் அந்த வரியை எழுதுனனுங்க. கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிருச்சு.”

அர்த்தநாரி அவளையே பார்த்தார். நம்பலாமா வேண்டாமா என்று அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தள்ளத்தான் வாய் வரவில்லை. கஷ்டப்பட்டு வரவழைத்தாள்.

“யோசிச்சுப் பாருங்க சார். கையெழுத்தே ஒழுங்காப் போடத் தெரியாதவங்க. இப்படி ஒரு வரி அவங்களுக்கு வருமுங்களா? நான் எழுதுனாத்தான் வரும்.”

அவள் வாழ்க்கையில் எத்தனையோ அலட்டியிருக்கிறாள். அத்தனையும் சும்மா வந்தவை. இந்த ஒன்றுக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்தார். நம்பிவிட்டார். ஒரு மாதமாக இவள் அடித்த ஜம்பத்தைப் பார்த்தவருக்கு நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை.

“உன்னைக் கதை எழுதவா சொன்னேன்?” என்று கத்தினார். “பெரிய இவளாட்ட உன்ற கெட்டிக்காரத்தனத்தை இங்க வந்து காட்டறயா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம். கணக்கை முடிச்சுக்க.”

“சரீங்க சார். அவங்களை...”

“அவளை என்ன பண்றது? எழுதிக் குடுத்ததைச் சொன்னா. உருப்படியா மனப்பாடம் பண்ணுனது அவ ஒருத்திதான் போல. கெடக்கட்டும், போ.”

அவள் கதவு வரை போய்விட்டாள். பின்னால் அர்த்தநாரியின் குரல் கேட்டது. கத்தல் போய் வேறு மாதிரி இருந்தது. அந்த வரியை அவர் தனக்குள்ளேயே முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரம் என்கிற இடத்தில் நின்றுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

“ஏங்கண்ணு.”

“சொல்லுங்க சார்.”

“என்னமோ போ. வரி நல்லாத்தான் எழுதியிருக்கே.”

அத்தனை வருஷத்தில் அவள் எழுத்தை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இல்லீங்க சார், அது என்னுதில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப தேங்க்ஸுங்க சார்” என்றாள்.